பாரதியின் கனவும் செல்லம்மாளின் அடுப்பும்

எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் படித்த யாருக்கும் பாரதியாரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முண்டாசும் முறுக்கிய மீசையும் கறுப்புக் கோட்டுமாக வகுப்பறைச் சுவரில் இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். முதலாம் ஆண்டு மாணவர்கூட அவருடைய பாடலில் இரண்டு வரி சொல்லிவிடுவார். செப்டம்பர் வந்தால் பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி, கவிதை ஒப்புவித்தல் என்று மேடைதோறும் பாரதி முழங்குவார். மகாகவி என்ற பட்டம் அவரோடு கூடவே பிறந்தது என்பதுபோல் நமக்குப் பழகிவிட்டது.

ஆனால் 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் கண் மூடியபோது நிலைமை அப்படி இல்லை. அவருடைய முக்கியமான நூல்கள் சில அச்சேறவே இல்லை. அச்சேறியவையும் ஒரு குடும்பம் பிழைக்கும் அளவுக்கு விற்கவில்லை. புத்தகக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், அவர் தோற்றுப்போன ஓர் எழுத்தாளர். அவரோ தம்மை அப்படி நினைக்கவில்லை. தமிழுக்கு வாய்த்த பெருங்கவி தாம்தான் என்று நம்பினார். அதைக் கூச்சமில்லாமல் எழுதியும் வைத்தார். அந்த நம்பிக்கைக்கும் வீட்டு அரிசிப் பானைக்கும் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தார். அவர் பாரதியின் மனைவி செல்லம்மாள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், பள்ளியில் மேடைக்காக மனப்பாடம் செய்த பாரதியை இப்போதுதான் ஒரு மனிதராகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அந்த வாழ்க்கையை ஒரு வீட்டுக் கணக்குப் புத்தகம்போல் புரட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை இங்கே சொல்கிறேன்.

பதினொரு வயதில் பட்டம்

சுப்பிரமணியன் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தாய் இலக்குமி அம்மாளை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் கணக்கிலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டவர். மகன் ஆங்கிலம் படித்துப் பெரிய வேலைக்குப் போகவேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ சொற்கள்மீதுதான் ஆசை. பதினொரு வயதில் எட்டயபுரத்துப் புலவர்கள் சபையில் கவி பாடிக் கலைமகளின் பெயரான பாரதி என்ற பட்டத்தைப் பெற்றார்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவையில் கிடைக்கும் பாராட்டு சாதாரணமானதன்று. தாம் தனிப்பிறவி என்ற எண்ணம் அந்த வயதிலேயே ஊன்றிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதே ஆண்டுகளில் வீட்டுப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. தந்தை எட்டயபுரத்தில் தொடங்கிய பருத்தி ஆலை நொடித்துப்போனது. 1897-இல், பதினான்கு வயதுப் பாரதி தம் படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினார். பணம் கேட்கும் கடிதத்தையும் கவிதையாக எழுதுவது அவருக்கு அன்றே தொடங்கிய பழக்கம்.

அதே 1897-இல் அவருக்குத் திருமணமும் நடந்தது. மணமகள் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாள். வயது ஏழு. மறு ஆண்டு தந்தை இறந்தார். தாயும் இல்லை, தந்தையும் இல்லை, சொத்தும் இல்லை. மிஞ்சியது பட்டம் ஒன்றுதான்.

காசியில் அத்தை வீடு

அப்போது கைகொடுத்தவர் அத்தை குப்பம்மாள். அவரும் கணவர் கிருஷ்ண சிவனும் காசியில் வாழ்ந்தார்கள். 1898-இல் இருந்து நான்கு ஆண்டுகள் பாரதி அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தார். சமஸ்கிருதமும் இந்தியும் கற்றார். நுழைவுத் தேர்வில் தேறினார். மீசையும் தலைப்பாகையும் அங்கேதான் சேர்ந்தன. அந்த வீட்டின் ஆசாரத்துக்கு அவை பொருந்தவில்லை. ஆனாலும் அத்தை சோறு போட்டார்.

1901-இல் காசியில் இருந்து அவர் செல்லம்மாளுக்கு எழுதிய ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. கணவரைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய்ச் செல்லம்மாள் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்குப் பதினொரு வயதுதான் இருக்கும். பாரதி அன்போடு பதில் எழுதுகிறார். தாம் தவறான வழியில் போகிறவர் அல்ல என்கிறார். கவலை வரும்போதெல்லாம் தமிழை நன்றாகப் படித்தால் தமக்கு மகிழ்ச்சி என்றும் சொல்கிறார். கனிவான கடிதம்தான். மனைவி படிக்கவேண்டும் என்று ஒரு கணவன் எழுதுவது அந்தக் காலத்தில் அரிது. ஆனாலும் பயந்த சிறுமி கேட்டது ஆறுதல், கிடைத்தது வீட்டுப்பாடம். பிற்காலத்தில் அந்த இல்லறம் எப்படி இருக்கப்போகிறது என்பதற்கு இந்தச் சின்னக் கடிதமே ஓர் அடையாளம்.

சம்பளம் வந்த ஆண்டுகள்

பாரதி வேலைக்கே போகாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. காசியில் இருந்து திரும்பி எட்டயபுரம் ஜமீனில் இருந்தார். 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அந்த ஆண்டு நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் 'சுதேசமித்திரன்' நாளிதழுக்கு அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு 'சக்கரவர்த்தினி' என்ற மகளிர் மாத இதழுக்கு ஆசிரியரானார். 1906-இல் 'இந்தியா' வார இதழ் தொடங்கியது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வாழ்க்கை அது.

இந்தக் காலத்தில்தான், காசியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்ற பயணத்தில், அவர் சகோதரி நிவேதிதையைக் கல்கத்தா அருகே சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்டதாகவும், அந்தக் கேள்வி பாரதியை உலுக்கியதாகவும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1908-லும் 1909-லும் வெளிவந்த தம் பாடல் தொகுப்புகளை அவர் நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார். பெண் விடுதலையை அவரைப்போல் உரத்துப் பாடிய தமிழ்க் கவிஞர் அதற்குமுன் இல்லை.

ஆனால் நாட்டு விடுதலையை எழுதுவதற்கு ஒரு விலை இருந்தது. 1908-இல் 'இந்தியா' இதழின்மீது அரசாங்கம் கை வைத்தது. கைதுக்குத் தப்பிப் பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். சில வாரங்களில் திரும்பலாம் என்று போன பயணம் பத்து ஆண்டுகள் நீண்டது.

புதுச்சேரியில் பத்து ஆண்டுகள்

புதுச்சேரியில் இருந்து வெளிவந்த 'இந்தியா' பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை வந்தது. 1910-இல் இதழ் நின்றது. 1911-இல் அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரு நூல்களையும் சென்னை அரசாங்கம் தடை செய்தது. வாசகர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், எழுத்தாளர் இந்தப் பக்கம். இந்த நிலையில் எந்த நூல் விற்கும்? பாரதியின் வறுமைக்கு அவருடைய குணம் மட்டும் காரணம் அல்ல என்பதை நாம் நியாயமாகச் சொல்லவேண்டும். ஒரு பேரரசு அவருடைய சந்தையைப் பூட்டி வைத்திருந்தது.

அதே வேளையில், அவருடைய படைப்புகளின் பொற்காலமும் அதுதான். 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' மூன்றும் அங்கே பிறந்தன. 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அச்சில் வந்தபோது ஆண்டு 1924. பாரதி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீட்டை நடத்தியது யார்? நண்பர்கள் உதவினார்கள். எழுதியதற்குச் 'சுதேசமித்திர'னில் இருந்து சிறு தொகை வந்தது. வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியாரைப் பற்றி வ.ரா. ஓர் இனிய செய்தி எழுதியிருக்கிறார். வாடகை கேட்க வருவார், பாரதி பாடுவதைக் கேட்டபடி நிற்பார், வாடகையைப் பற்றிப் பேசாமலே திரும்பிவிடுவார். இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த வாடகையை நினைத்து உள்ளே ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் அல்லவா?

சிட்டுக்குருவிக் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அன்றைய சமையலுக்கென்று வைத்திருந்த அரிசியைப் பாரதி முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்பதைக் கண்டு ஆனந்தமாகப் பாடினார் என்பது அந்தக் கதை. பள்ளியில் அதைக் கவிஞரின் கருணைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கருணை உண்மைதான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. குருவிகள் பறந்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மதியச் சோறு வேண்டும். தங்கம்மாளுக்கும் சகுந்தலாவுக்கும் அன்று என்ன சமைப்பது என்று யோசிக்கவேண்டியவர் செல்லம்மாள். இறைத்தவர் பெயர் இலக்கியத்தில் நிற்கிறது. மறுபடியும் அரிசி தேடியவரின் பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

மாமனார் ஊரில் மகாகவி

1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, எங்கே தங்குவது, எதை வெளியிடுவது என்பதிலெல்லாம் காவல்துறையின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விடுதலையானார். போக்கிடம் ஒன்றுதான் இருந்தது. செல்லம்மாளின் பிறந்த ஊரான கடையம்.

கிராமத்து அக்ரகாரத்தில், மனைவியின் உறவினர்கள் நடுவில், வருமானம் இல்லாத மருமகனாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் நடையும் பேச்சும் அந்த ஊருக்கு ஒத்துவரவில்லை. சாதி பார்க்காமல் பழகினார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார் என்றும் சொல்வார்கள். கொள்கையளவில் அது அழகான காட்சி. ஆனால் ஊர்வாய் அதிகம் மென்றது யாரை என்று யோசித்துப் பாருங்கள். கவிஞரைப் பைத்தியக்காரர் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பதில் சொல்லவேண்டும்.

இந்தக் கடையத்தில்தான் பாரதியின் தன்னம்பிக்கை உச்சத்துக்குப் போனது. 1919 மே மாதம் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி அனுப்பினார். அதில் அவர் கெஞ்சவில்லை. தமிழ்நாட்டில் உலகம் போற்றும் கவியரசர் இல்லை என்ற பழி தம்மால் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தார். முற்காலப் புலவர்களுக்கு மன்னர்கள் செய்ததுபோல் பொன்னும் பல்லக்கும் பரிவாரமும் தந்து தம்மைச் சிறப்பிக்கவேண்டும் என்று கேட்டார். அரண்மனையில் இருந்து உதவி எதுவும் வரவில்லை.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1920-இல் ஒரு பெரிய பதிப்புத் திட்டம் தீட்டி, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாக வெளியிடவேண்டும், ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடவேண்டும் என்பது திட்டம். பெருக்கிப் பாருங்கள்: 4 இலட்சம் புத்தகங்கள்! அதற்கு முதலாக நண்பர்கள் பணம் கடன் தரவேண்டும், வட்டியோடு திருப்பித் தருவேன் என்றார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல் தம் நூல்கள் வீட்டுக்கு வீடு விற்கும் என்று உறுதியாக நம்பினார்.

மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது. சொந்த ஊரிலேயே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்த காலம். திட்டத்துக்குப் பணம் சேரவில்லை. 4 இலட்சத்தில் ஒரு புத்தகமும் அந்தத் திட்டப்படி அச்சாகவில்லை.

ஒரு நிமிடம் நம்மை அந்த வீட்டில் வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் நாற்பது நூல்களுக்கு இலாபக் கணக்குப் போடும் கணவர். இன்னொரு பக்கம் உறவினர் தயவில் உலை வைக்கும் மனைவி. இன்று நமக்கு முடிவு தெரியும். பாரதி சொன்னது பலித்தது. அவருடைய நூல்கள் உண்மையிலேயே வீட்டுக்கு வீடு போயின. ஆனால் 1920-இல் செல்லம்மாளுக்கு அது தெரியாது. அவர் கண்முன் இருந்தது, தம்மைப் பெருங்கவி என்று சொல்லிக்கொள்ளும், ஒரு ரூபாய்கூட உறுதியாகக் கொண்டுவராத ஒரு மனிதர் மட்டுமே.

தோட்டத்துக் கவிஞரும் கூட்டுப் பணமும்

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். பாரதி கடையத்தில் இருந்த காலத்தில் கங்காணி முறையில் கப்பலேறிச் சிலாங்கூருக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுது பாடியதைத் தாத்தா எங்கள் லயத்துப் பெண்களுக்காகப் பாடியதாகவே எடுத்துக்கொண்டாராம். அவரும் எழுதினார். கோயில் திருவிழாவுக்கு நாடகம், கல்யாணத்துக்கு வாழ்த்துமடல், பத்திரிகைக்குக் கவிதை. அனுப்பியவற்றில் பெரும்பாலானவை வெளிவரவில்லை. தம்மைப் புரிந்துகொள்ளும் அறிவு யாருக்கும் இல்லை என்பதே அவர் முடிவு. நாற்பது வயதைத் தாண்டியதும், காவியம் எழுதப்போவதாகச் சொல்லி வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

பாட்டி விடியற்காலை பிரட்டுக்குப் போனார். தம் மரங்களையும் வெட்டி, ஆள் வராத நிரைகளையும் எடுத்து வெட்டினார். அப்படிச் சேர்த்துக் கட்டிய கூட்டுப் பணத்தில்தான் தாத்தாவின் ஒரே புத்தகம் கிள்ளானில் அச்சானது. 500 படிகள். சிலவற்றை நண்பர்கள் வாங்கினார்கள். பல கல்யாண வீடுகளில் அன்பளிப்பாகப் போயின. மீதி ஒரு மைலோ பெட்டிக்குள் இருந்தது. தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடும்பம் மாறியபோது, தாத்தா உயிரோடு இல்லை. அந்தப் பெட்டியை நனையாமல் தூக்கி வந்தவர் பாட்டி. அவருக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கூட்டை எந்த மாதம் எடுத்தார், எத்தனை மாதம் கட்டினார் என்று இன்றும் சரியாகச் சொல்வார்.

நான் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன். சில இடங்கள் நன்றாக இருக்கின்றன. தோட்டத்து மழையைப் பற்றிய பாடல் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் என் தாத்தா பாரதி அல்லர். அந்தப் பெருமிதம் இருந்தது, வீட்டாரைச் சார்ந்திருந்த வாழ்க்கையும் இருந்தது, அந்தக் கவிதை மட்டும் இல்லை.

இங்கேதான் என் கேள்வி வருகிறது. பாரதி வென்றுவிட்டதால் செல்லம்மாளின் துன்பத்துக்குப் பொருள் உண்டு என்கிறோம். அப்படியானால் என் பாட்டியின் துன்பத்துக்குப் பொருள் இல்லையா? இருவரும் செய்தது ஒரே வேலை. இருவரும் கொடுத்தது ஒரே விலை. கவிதையின் தரம் கவிஞருக்குப் பெருமை தரலாம். வீட்டில் உழைத்தவருக்குப் பட்ட கடன் அதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உலகத்தில் இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஓவியர் வின்சென்ட் வான்கோ தம்பி தியோ அனுப்பிய பணத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1890-இல் வின்சென்ட் இறந்தார், அடுத்த ஆண்டு தியோவும் இறந்தார். விற்காத ஓவியங்களையும் கடிதக் கட்டுகளையும் காப்பாற்றி உலகத்தின்முன் கொண்டுவந்தவர் தியோவின் இளம் மனைவி ஜோகன்னா. கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண் இல்லாவிட்டால் இன்று நமக்கு அந்த ஓவியர் தெரிந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

பாரதிக்குப் பின் செல்லம்மாள்

1920 நவம்பரில் பாரதி மறுபடியும் 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் குடும்பத்தோடு குடியேறினார். மீண்டும் சம்பளம் வரத் தொடங்கியது. ஆனால் காலம் அதிகம் மிச்சமில்லை. 1921-இல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அந்தக் காயத்தில் இருந்து தேறி மறுபடியும் வேலைக்குப் போனார். ஈரோட்டுக்கு அருகே கருங்கல்பாளையம் சென்று மரணமில்லா வாழ்வைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். பின்னர் வயிற்று நோய் வந்தது. செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்து அவர் உயிர் பிரிந்தது. வயது 38. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்று சொல்லப்படுகிறது.

செல்லம்மாளுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டித்தான் இருந்தது. கணவர் விட்டுச் சென்ற சொத்து கையெழுத்துத் தாள்கள். அடுத்த ஆண்டே, 1922-இல், தம் சகோதரர் அப்பாதுரையின் துணையோடு பாரதி ஆச்சிரமம் என்ற பதிப்பகத்தின் பெயரில் 'சுதேச கீதங்கள்' தொகுப்பை வெளியிட்டார். 40 நூல்கள், 4 இலட்சம் படிகள் என்று கணவர் கண்ட கனவின் முதல் செங்கல்லை, அதனால் அதிகம் துன்பப்பட்டவரே எடுத்து வைத்தார். பதிப்புத் தொழில் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பின்னர் பாரதியின் தம்பி விசுவநாத ஐயர் நடத்திய பாரதி பிரசுராலயம் நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டது.

1928-இல் சென்னை அரசாங்கம் பாரதியின் பாடல்களைப் பறிமுதல் செய்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இறந்து ஏழு ஆண்டுகளில் அவர் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டார். 1949-இல் அரசாங்கமே அவர் நூல்களின் உரிமையை வாங்கியது. சில ஆண்டுகளில் அவை மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை வந்த பிறகு, மண்ணெண்ணெய், தீப்பெட்டிக் கணக்கு உண்மையாயிற்று.

செல்லம்மாள் தம் கணவரின் வரலாற்றை மகள் தங்கம்மாளிடம் சொல்லி எழுத வைத்தார். 1951-இல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றி உரையாற்றினார். அந்த உரையை நான் படித்தேன். மேதையோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை மறைக்காமல் சொல்கிறார். அதே மூச்சில் கணவரைப் பெருமையாகவும் பேசுகிறார். தியாகி என்று தம்மைக் காட்டிக்கொள்ளவும் இல்லை, பட்ட பாட்டை விழுங்கிவிடவும் இல்லை. 1955-இல் அவர் மறைந்தார்.

நமக்கு என்ன?

பாரதியின் பெருமிதத்தைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஊரும் அரசும் கைவிட்ட நிலையில், அந்தப் பெருமிதம் இல்லாவிட்டால் அவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். தாம் பெரிய கவி என்று நம்பியவர் அந்த நம்பிக்கைக்கு ஏற்ற உழைப்பையும் கொடுத்தார். வேலை கிடைத்தபோது வேலையும் பார்த்தார். ஆனால் அதே பெருமிதம்தான் அடுப்படியைப் பார்க்கவிடாமல் அவர் கண்ணை மறைத்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களில் கவிதை எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். பாடல் இசைத்துக் காணொளி வெளியிடுகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள் இருப்பீர்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உழைப்பவர்கள் நீங்கள். நம்மில் யார் பாரதி என்பது இன்று யாருக்கும் தெரியாது; நமக்கே தெரியாது. ஆனால் இந்த மாத மின்கட்டணத்தை யார் கட்டினார், மடிக்கணினிக்குத் தவணை யார் சம்பளத்தில் போகிறது, கூடுதல் நேர வேலைக்குப் போய்விட்டு இரவில் வரும் அம்மா சாப்பிட்டாரா என்பதெல்லாம் இன்றே தெரிந்துகொள்ளக் கூடியவை. நம்மை நாமே பெரிதாக நம்புவதில் தவறில்லை. அந்த நம்பிக்கைக்கு முதல் போடுகிறவர் யார் என்று தெரியாமல் நம்புவதுதான் தவறு.

பாரதி விழா நடத்தும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேச்சுப் போட்டித் தலைப்புகளில் செல்லம்மாளின் பெயரையும் ஒன்றாகச் சேருங்கள். குருவிக்கு அரிசி இறைத்த கதையை ஒரு மாணவர் சொல்லட்டும். அன்று அந்த வீட்டில் மதியச் சோற்றுக்கு என்ன வழி செய்திருப்பார்கள் என்பதை அடுத்த மாணவர் சொல்லட்டும்.